ரிச்சர்டின் வலது கை

அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தைச் சேர்ந்த ஹூஸ்டன் நகரில், 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 4-ந் தேதி, ஜேம்ஸ் ராட்னி ரிச்சர்ட் என்பவர் தமது 71-வது வயதில் காலமானார். நம் நாட்டில் அவர் பெயரைக் கேள்வியுற்றவர் மிகச் சிலரே இருப்பர். அவர் ஆடிய பேஸ்பால் என்னும் ஆட்டமும் நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாதது. அப்படியிருக்க, அவரைப் பற்றி நாம் இங்கே எழுதப் புகுந்த காரணம் யாது என்று நேயர்கள் வினவலாம். அவருடைய அபாரத் திறமை ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. 1980-ம் வருஷக் கோடையில் அவர், தம் கை செத்துவிட்டாற்போல் இருக்கிறதென்று வாய் திறந்து சொன்னார். நம்பியவர் சிலர், நம்பாதவர் பலர். நம்பாதவர்களின் முன்வரிசையில் நின்றவர்கள் நமது தொழிலைச் சேர்ந்தவர்கள், பத்திரிகைகளில் எழுதுவோர். ஆகையால் இந்தக் கதையைச் சொல்லும் கடமை பத்திரிகைகளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டென்பது நமது எண்ணம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். கிரிக்கெட்டில் பந்து போடுகிறவர் தூரத்திலிருந்து ஓடி வருகிறார்; ஆறு பந்துகள் போட்டபின் பந்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு இளைப்பாறுகிறார். பேஸ்பாலில் பந்து எறிகிறவருக்குப் பிட்சர் என்று பெயர். அவர் ஓடி வருவதில்லை. தரையைக் காட்டிலும் சற்று உயர்ந்த ஒரு மண்மேட்டின்மீது நின்று, அறுபதரை அடி தூரத்தில் தடியேந்தி நிற்பவரை நோக்கி, தரையில் படாமல் பந்தை எறிகிறார். ஓடி வருவதால் கிடைக்கும் உதவி ஏதும் அவருக்கு இல்லை. கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றின் பலமெல்லாம் திரண்டு தோளுக்கு வந்து, தோளிலிருந்து சாட்டை போல் சுழன்று விரல் நுனிவழியே வெளிப்பட வேண்டும். ஓர் ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேலும் அவர் அவ்வாறு எறிய நேரும். தடியேந்தியவரை மூன்று முறை ஏமாற்றி வெளியேற்றினால் அதை ஸ்ட்ரைக்-அவுட் என்பர். பிட்சருடைய வீரத்துக்கு அதுவே அளவுகோல்.

மணிக்கு நூறு மைல் வேகத்தில் எறியப்படும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு விநாடியில் பத்தில் நாலு பாகமே ஆகும். ரிச்சர்ட் நூறு மைல் வேகத்தில் எறிந்தவர். அவருடைய உயரம் ஆறடி எட்டு அங்குலம். அந்த நெடிய உருவம் மேட்டின்மீது ஏறி நின்று, காலை முன்னே வீசி, கையை நீட்டிப் பந்தை விடும்போது, அது ஏதோ பக்கத்திலிருந்தே வருவதுபோல் எதிரில் நிற்பவர்களுக்குத் தோன்றுமாம். ஒரே கையில் எட்டுப் பேஸ்பால்களைப் பிடித்துக் காட்டுவார் என்றும் சொல்வதுண்டு. வேகப் பந்துக்கு ஏறக்குறைய நிகரான வேகத்தில் வந்து, கடைசிக் கணத்தில் சட்டென்று விலகி ஓடும் ஸ்லைடர் என்ற பந்தும் அவர் வசம் இருந்தது. அந்தப் பந்தே எதிரிகளை அதிகம் கலங்கச் செய்தது.

ரிச்சர்ட் 1950-ம் வருஷம் மார்ச்சு மாதம் 7-ந் தேதி, லூயிஸியானா ராஜ்யத்தில் வியன்னா என்னும் சிற்றூரில் பிறந்தார். கறுப்பர் இனத்தைச் சேர்ந்தவர். ஜாக்கி ராபின்ஸன் என்ற கறுப்பர் வெள்ளையருடைய பெரிய லீக் ஆட்டத்தில் காலெடுத்து வைத்தது 1947-ம் வருஷத்தில்தான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் பிறந்த ரிச்சர்ட், ரஸ்டன் நகரத்தில் கறுப்பர்களுக்கென்று தனியே வைத்திருந்த லிங்கன் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார். பள்ளிக் கோஷ்டிக்கு அவர் பந்தெறிந்த கடைசி வருஷத்தில் எதிரிகளுக்கு அவரிடமிருந்து ஓர் ஓட்டங்கூடக் கிடைக்கவில்லை. ஓர் ஆட்டத்தில் அவரே தடியெடுத்துத் தொடர்ச்சியாக நான்கு ஹோம் ரன்கள் அடித்தார். அந்த ஆட்டத்தில் அவர் கோஷ்டி 48-க்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. கூடைப்பந்தாட்டத்திலும் அவர் கெட்டிக்காரர். இருநூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் உபகாரச் சம்பளம் தந்து அவரை அழைத்தன. அவற்றையெல்லாம் மறுத்து, 1969-ம் வருஷத்தில் நாட்டிலேயே இரண்டாவதாகப் பொறுக்கியெடுக்கப்பட்டு, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கோஷ்டியில் சேர்ந்தார்.

1971-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ந் தேதி, ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில், அந்நகரத்து ஜயண்ட்ஸ் கோஷ்டிக்கு எதிராக அவருடைய அரங்கேற்றம் நிகழ்ந்தது. அன்று அவருக்கு வயது 21. எதிரே நின்றவர்களில் ஒருவர் வில்லி மேய்ஸ். பேஸ்பால் கண்ட மாபெரும் வீரர்களில் ஒருவரென்று எல்லாராலும் ஒப்புக்கொள்ளப்பட்டவர். அப்பொழுது அவருக்கு நாற்பது வயதாகியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மேய்ஸை ரிச்சர்ட் மூன்று தடவை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். அன்று மொத்தம் அவ்விதம் வெளியேற்றப்பட்டவர்கள் பதினைந்து பேர். ஆட்டம் 5-க்கு 3 என்று ஆஸ்ட்ரோஸுக்குக் கிடைத்தது. முதல் ஆட்டத்திலேயே பதினைந்து பேரை வீழ்த்தியவர் அவருக்கு முன் ஒருவர்தான் இருந்தார்: 1954-ல் கார்ல் ஸ்பூனர். இருவருக்கும் பொதுவான அந்தக் கணக்கை இன்றளவும் யாரும் தாண்டவில்லை. ஸ்பூனரும் தோள் கெட்டு, இரண்டே வருஷங்களில் பெரிய லீக்கை விட்டுப் போனவர் என்பதை நினைக்கும்போது, இந்தப் பெருமையில் ஏதோ தோஷம் இருக்குமோ என்று ஜோசியம் பார்ப்பவர்கள் கேட்கக்கூடும். நாம் ஜோசியத்தை நம்புகிறவர்களல்லர். மனிதத் தோள் எவ்வளவு தாங்கும் என்பதை அளக்காமல் அதன்மேல் சுமையேற்றினார்கள் என்பதே நமக்குத் தோன்றும் விளக்கம்.

இத்தகைய ஆரம்பத்துக்குப் பின் அவர் உடனே உச்சிக்கு ஏறிவிட்டார் என்று நினைத்தால் தவறு. நாலு வருஷங்கள் மேலும் கீழுமாக அலைந்தார். வேகம் இருந்தது, குறி இல்லை. எந்தப் பந்து எங்கே போகும் என்பது எதிரிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. குறி தவறிய பந்துகள் நான்கு போட்டால் எதிரி அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம் என்பது ஆட்டத்தின் விதி. 1976-ம் வருஷத்தில் அவர் இவ்விதம் நடக்கவிட்டவர்கள் 151 பேர். லீக்கிலேயே அதுதான் அதிகம். அதே வருஷத்தில் 20 ஆட்டங்களை வென்றவரும் அவர்தான்! தலைக்கு நேரே வந்தாலும் வரக்கூடும் என்ற அச்சம் எதிரியின் மனத்தில் எப்பொழுதும் இருந்ததால், குறியின்மையே அவருக்கு ஓர் ஆயுதமாயிற்று என்று சிலர் சொன்னார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதியை 1979-ம் வருஷம் காட்டிற்று. அவ்வருஷம் நடக்கவிட்டவர்கள் 98 பேராகக் குறைந்தார்கள். ஸ்ட்ரைக்-அவுட்டுகள் 313 ஆக ஏறின.

அந்த எண்ணைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நேஷனல் லீக்கில் இருபதாம் நூற்றாண்டு பிறந்தது முதல் ஒரே வருஷத்தில் முந்நூறு பேரை வெளியேற்றிய வலக்கைப் பிட்சர் ஒருவரும் இல்லை. 1978-ல் 303 பேரை வெளியேற்றி அந்தக் கோட்டையை முதலில் பிடித்தவர் ரிச்சர்ட். அடுத்த வருஷமே 313. அவ்வருஷம் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 2.71 ஓட்டங்களே எதிரிகளுக்குக் கொடுத்தார்; லீக்கில் அதுவே மிகக் குறைவு. 1976 முதல் 1979 வரை நாலு வருஷங்களில் அவர் வென்ற ஆட்டங்கள் 74. எறிந்த இன்னிங்ஸ்கள் 1,125-க்கு மேல். இந்தக் கடைசி எண்ணை நேயர்கள் மறக்க வேண்டாம். இன்று பேஸ்பால் கோஷ்டிகள் ஒரு பிட்சரை ஒரு வருஷத்தில் இருநூறு இன்னிங்ஸ் எறியவிடுவதே அருமையாகிவிட்டது. ரிச்சர்டோ இருநூற்றறுபதுக்குக் குறையாமல், முந்நூறைத் தொடுமளவுக்கு, வருஷந்தோறும் எறிந்தார். ஒரு வருஷமாவது அவர் வேலைக்கு அஞ்சி ஒதுங்கினார் என்று சொல்வதற்கில்லை.

1980-ம் வருஷம் பிறந்தபோது ஆஸ்ட்ரோஸ் கோஷ்டிக்கு மிக நல்ல காலம் வந்ததென்று எல்லாரும் எண்ணினர். நோலன் ரையன் என்ற புகழ்பெற்ற பிட்சரை வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் பேசி அழைத்து வந்திருந்தார்கள். அவ்வளவு சம்பளம் அதற்குமுன் எந்தப் பேஸ்பால் ஆட்டக்காரருக்கும் கொடுக்கப்பட்டதில்லை. ரிச்சர்டும் ரையனும் ஒரே கோஷ்டியில்! எதிரிகளுக்கு மூச்சுவிட நேரமிராது என்று பேசிக்கொண்டார்கள். ரிச்சர்டும் குறை வைக்கவில்லை. ஜூலை மாத நடுவுக்குள் 10 ஆட்டங்களை வென்று 4 ஆட்டங்களையே தோற்றார்; ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த சராசரி ஓட்டங்கள் 1.90 மட்டுமே. ஜூலை 8-ந் தேதி லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் நடந்த நக்ஷத்திர ஆட்டத்தில் நேஷனல் லீக்கின் சார்பாக முதலில் பந்தெறியும் கௌரவம் அவருக்கே கிடைத்தது.

இவ்வளவு கீர்த்தியின் நடுவில்தான் அந்த வார்த்தை எழுந்தது. கை களைத்துப்போகிறது, கனக்கிறது, செத்ததுபோல் ஆகிறது என்றார் ரிச்சர்ட். சில ஆட்டங்களில் பாதியிலேயே தாமாக விலகிக்கொண்டார். வேறொரு நாளில் வந்து மறுபடியும் இடிபோல் எறிந்தார். பார்த்தவர்களுக்கு இது புரியவில்லை. நேற்று நூறு மைல் வேகத்தில் எறிந்தவனுக்கு இன்று என்ன வந்துவிட்டது? ஆறடி எட்டு அங்குலத்தில் இரும்புத் தூண் போல் நிற்கிறானே, இவனுக்கா நோய்? இவ்விதம் கேள்விகள் கிளம்பின. கேள்விகள் கேள்விகளாகவே நின்றிருந்தால் பாதகமில்லை. அவை சில நாட்களில் தீர்ப்புகளாக மாறின. சோம்பேறி என்றார்கள். பாசாங்கு செய்கிறான் என்றார்கள். ரையனுக்குக் கிடைத்த சம்பளத்தைக் கண்டு வயிறெரிந்து முரண்டு பிடிக்கிறான் என்று எழுதினார்கள். போதைப் பொருள்களைத் தொடர்புபடுத்தியும் வதந்தி உலாவிற்று. ரிச்சர்ட் நிருபர்களிடம் கலகலவென்று பேசிப் பழகும் சுபாவமுடையவரல்லர். அதுவும் அவருக்கு விரோதமான சாட்சியாயிற்று.

இதில் வினோதம் யாதெனில், அவருடைய பலமே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னதுதான். மெலிந்த உடம்புக்காரர் ஒருவர் கை வலிக்கிறதென்றால் உலகம் இரங்குகிறது. பலவான் சொன்னால் நம்புவதில்லை. அதிலும் அந்தப் பலவான் கறுப்பராயிருந்து, சொல்வதைக் கேட்டு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் வெள்ளையராயிருந்தால்? வேறு நிறத்தவர் ஒருவர் இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் இவ்வளவு எளிதாகச் 'சோம்பேறி' என்ற பட்டம் கிடைத்திருக்குமா என்று ஹூஸ்டனில் அப்பொழுதே கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைப் புறக்கணிக்க நமக்கு மனம் வரவில்லை. அடிமை முறை நடந்த தேசத்தில், உழைத்து ஓய்ந்த கறுப்பனைச் சோம்பேறி என்று அழைப்பது பழைய வழக்கம். பழைய வழக்கங்கள் சட்டம் மாறிய அன்றே மறைந்துவிடுவதில்லை என்பதை நாமும் நம் நாட்டில் கண்டிருக்கிறோம்.

ஜூலை 14-ந் தேதி அட்லாண்டா பிரேவ்ஸ் கோஷ்டியுடன் ஆட்டம். ரிச்சர்ட் மேட்டின்மீது ஏறினார். பந்தைப் பிடிக்கும் கூட்டாளி விரல்களால் காட்டும் சமிக்ஞை அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. நாலாவது இன்னிங்ஸில் விலகிப் போனார். பெரிய லீக்கில் அவர் எறிந்த கடைசிப் பந்து அன்று எறிந்ததே. அது கடைசியென்று அப்பொழுது யாருக்குத் தெரியும்?

கோஷ்டியின் அதிகாரிகள் அவரை ஆஸ்பத்திரிக்குப் பரீக்ஷைக்கு அனுப்பினார்கள். வலக்கைக்குச் செல்லும் ரத்தக் குழாயில் அடைப்பு இருப்பது அங்கே தெரியவந்தது. ஆக, அவர் சொன்னது பொய்யல்லவென்று ஜூலை மாதக் கடைசி வாரத்திலேயே ரூபகாரமாயிற்று. அதற்குப் பிறகாவது கவலை பிறந்திருக்க வேண்டும். ஆனால், உடனடியாக ரண சிகிச்சை வேண்டியதில்லை, மேற்பார்வையின்கீழ் மெள்ளப் பயிற்சி செய்யலாம் என்று முடிவாயிற்று.

ஜூலை 30-ந் தேதி. ஆஸ்ட்ரோடோம் என்பது ஹூஸ்டன் நகரத்தின் பெருமை; 1965-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட, கூரை வேய்ந்த பிரம்மாண்டமான ஆட்ட மைதானம். அன்று அங்கே ஆட்டம் இல்லை, ஜனங்களும் இல்லை. ரிச்சர்ட் நண்பர் ஒருவருடன் லேசாகப் பந்தெறிந்து பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று காதில் இரைச்சல் கேட்டது. தலை சுற்றிற்று. தரையில் சரிந்து விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டுவிட்டது. அன்றிரவே கழுத்தைத் திறந்து, குழாயை அடைத்திருந்த ரத்தக் கட்டியை வைத்தியர்கள் எடுத்தார்கள். உயிர் தப்பியது. இடது பக்கம் முடங்கிவிட்டது. அப்பொழுது அவருக்கு முப்பது வயது.

நோயின் தன்மையை நேயர்கள் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில் இந்தக் கதையின் நியாயம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. மார்பிலிருந்து கைக்கு ரத்தத்தைக் கொண்டுபோகும் பெரிய குழாய், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவிலுள்ள குறுகலான சந்து வழியே செல்கிறது. கையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பலங்கொண்டு சுழற்றும்போதெல்லாம் அந்தச் சந்து நெருக்குண்ணலாம். ஆயிரக்கணக்கான தடவை இவ்விதம் நசுக்கப்பட்ட குழாயின் உட்சுவர் புண்படுகிறது. புண்பட்ட இடத்தில் ரத்தம் உறைகிறது. கைக்குப் போதிய ரத்தம் செல்லாமையால் கை களைக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. சற்று ஓய்வு கொடுத்தால் தெளிகிறது, மறுபடியும் எறிய முடிகிறது, மறுபடியும் செத்துப்போகிறது. ஒரு நாள் நூறு மைல் வேகமும் மறுநாள் களைப்புமாக ரிச்சர்ட் ஏன் மாறி மாறிக் காணப்பட்டார் என்பதற்கு இதுவே விடை. உறைந்த ரத்தத்தின் துண்டு மேல்நோக்கிச் சென்று கழுத்துக் குழாயில் புகுந்துவிட்டால் ஆபத்து மூளைக்கு. ஆகவே, 'கை செத்துவிட்டது' என்று அவர் சொன்னது அலங்காரமல்ல, முரண்டு அல்ல. வைத்திய நூல் அறியாத ஒரு மனிதன் தன் தேகத்துக்குள் நடப்பதை எவ்வளவு சரியாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சரியாகச் சொன்ன வார்த்தை அது.

பேஸ்பால் சரித்திரத்தில் நடுவழியில் முறிந்துபோன பிட்சர்கள் வேறு பலர் உண்டு. ஸான்டி கூபாக்ஸ் 1966-ல் 27 ஆட்டங்களை வென்ற கையோடு, முப்பதாவது வயதில், முழங்கை வாதத்தால் விலகினார். தேசம் முழுவதும் வருந்திற்று. அவர் நோயை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. ஹெர்ப் ஸ்கோர் என்ற இளைஞர் 1957-ம் வருஷம் மே மாதத்தில் எதிரி அடித்த பந்து நேரே கண்ணில் பாய்ந்து வீழ்ந்தார். ஆயிரக்கணக்கானோர் அதைக் கண்ணாரக் கண்டார்கள். ரிச்சர்டின் காயம் எலும்புகளுக்கு நடுவே, ஒருவர் கண்ணுக்கும் புலப்படாத இடத்தில் இருந்தது. அவருடைய வாய்மொழி ஒன்றே அதற்கு அத்தாட்சி.

விழுந்தபின் நகரம் திடுக்கிட்டது. ஏளனம் செய்தவர்களில் சிலர் வெட்கினார்கள். சிலர் எழுதியதை நினைத்து வருத்தம் தெரிவித்தார்கள். வருத்தம் தெரிவிப்பது நல்ல பழக்கந்தான். ஆயினும், நமது தொழிலின் ரகசியம் ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றச்சாட்டுக்கு எவ்வளவு பெரிய எழுத்துக்கள் கிடைக்கின்றனவோ அவ்வளவு பெரிய எழுத்துக்கள் மன்னிப்புக்கு ஒருநாளும் கிடைப்பதில்லை.

அந்த வருஷம் ஆஸ்ட்ரோஸ் கோஷ்டி, தன் சரித்திரத்தில் முதல் தடவையாக, பிரிவின் முதலிடத்தைப் பிடித்தது. அக்டோபர் 6-ந் தேதி லாஸ் ஏஞ்சலீஸ் கோஷ்டியுடன் தனியாக நடந்த தீர்ப்பாட்டத்தில் ஜெயித்து, பின்னர் லீக்கின் பட்டத்துக்காக பிலடெல்பியா கோஷ்டியுடன் மோதிற்று. ஐந்து ஆட்டங்களில் இரண்டை வென்று மூன்றைத் தோற்றது. அவற்றில் நான்கு ஆட்டங்கள் குறித்த இன்னிங்ஸுக்குள் முடியாமல் நீண்டவை. நூலிழையில் தப்பிய வெற்றி. ரிச்சர்ட் இருந்திருந்தால் என்று ஹூஸ்டன்வாசிகள் இன்றும் பேசிக்கொள்வதாகச் சொல்வார்கள். பேசாமல் எப்படியிருப்பார்கள்?

ரிச்சர்ட் சும்மா இருந்துவிடவில்லை. நடக்கப் பழகினார், பந்தைப் பிடிக்கப் பழகினார். 1982-லும் 1983-லும் சிறிய லீக்குகளில் எறிந்து பார்த்தார். கைக்கு வேகம் கொஞ்சம் திரும்பிற்று. ஆனால், தம்மை நோக்கி அடிக்கப்படும் பந்துக்கு உடனே அசைந்து கொடுக்கும் சுறுசுறுப்பு தேகத்துக்குத் திரும்பவில்லை. 1984-ல் கோஷ்டியார் அவரை விடுவித்துவிட்டார்கள். பெரிய லீக்கில் அவர் பெயரில் நின்ற கணக்கு: 107 வெற்றி, 71 தோல்வி, 1,493 ஸ்ட்ரைக்-அவுட்டுகள். இவ்வளவும் பத்து வருஷத்துக்குள்; அதிலும் முழுவதும் ஆடியது ஐந்து வருஷங்களே.

அப்புறம் நடந்தவற்றை விரித்துச் சொல்ல எமக்கு விருப்பமில்லை. எண்ணெய்க் கிணற்று வியாபாரத்தில் போட்ட பணம், மூன்று லட்சம் டாலருக்கு மேல், ஏமாற்றுக்காரர்களிடம் போயிற்று. குடும்பம் கலைந்தது, விவாகரத்தில் பெருந்தொகை போயிற்று, வீடு போயிற்று. 1994-ம் வருஷத்தில் அவர் ஹூஸ்டன் நகரில் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின்கீழ் படுத்திருந்தார். பாலத்துக்கு மேலே கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. பல்லாயிரம் ஜனங்கள் எழுந்து நின்று அவர் பெயரைக் கூவிய ஆஸ்ட்ரோடோம் அதே நகரில்தான் இருந்தது. வருஷத்துக்கு லக்ஷக்கணக்கான டாலர் சம்பாதித்தவரின் சேமிப்பு எங்கே போயிற்று என்று கணக்குக் கேட்பது சுலபம். மூளையில் அடிபட்டு முப்பது வயதில் தொழிலை இழந்தவருக்கு உலக வியவகாரங்களில் வழிகாட்ட யார் இருந்தார்கள் என்று கேட்பதும் அவ்வளவே சுலபமாயிருக்க வேண்டும்.

இந்தச் செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தபின் பழைய நண்பர்கள் உதவிக்கு வந்தார்கள். 1995-ல் அவருக்கு 45 வயது நிறைந்ததும், பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்குரிய உபகார வேதனம் கிடைக்கத் தொடங்கிற்று. கிறிஸ்தவ சபை ஒன்றில் சேர்ந்து மதப் பிரசாரகரானார். வீடற்றவர்களுக்கு உணவும் உடையும் சேர்ப்பதற்குத் துணைநின்றார். பாலத்தின்கீழ் படுத்தவருக்கு அந்த வேலையை ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. சிறுவர்களுக்குப் பந்தெறியவும் சொல்லிக்கொடுத்தார். பழைய மனஸ்தாபத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவராகத் தெரியவில்லை.

பேஸ்பால் உலகம் அவருடைய நோய்க்கு இப்பொழுது பெயர் வைத்திருக்கிறது, வழியும் கண்டிருக்கிறது. தோளருகிலுள்ள அந்தச் சந்தில் நரம்போ குழாயோ நெருக்குண்டதாகத் தெரிந்தால், முதல் விலா எலும்பை அறுத்தெடுத்து இடமுண்டாக்குகிறார்கள். 2016-ல் மாட் ஹார்வி, 2021-ல் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் முதலிய பெயர்பெற்ற பிட்சர்கள் இந்தச் சிகிச்சைக்கு உட்பட்டார்கள். சிகிச்சைக்குப் பின் எல்லாருக்கும் பழைய பலம் திரும்புவதில்லை. ஸ்ட்ராஸ்பர்க் அதன்பின் பெரிய லீக்கில் ஒரே ஓர் ஆட்டத்துக்கு மேல் எறிய இயலவில்லை. ஆனால், விரல் மரத்துப்போகிறதென்று ஒரு பிட்சர் சொன்னால் இன்று அவரை முதலில் வைத்தியரிடம் அனுப்புகிறார்கள். ரிச்சர்டின் சரீரத்தின் செலவில் கற்ற பாடம் அது.

கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் கீர்த்தி மண்டபத்தில் ரிச்சர்டுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆடிய காலம் போதாதென்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். காலம் ஏன் போதாமற்போயிற்று என்பது மண்டபத்தாரின் கணக்கில் வருவதில்லைபோலும். ஹூஸ்டன் கோஷ்டியார் தாங்களே 2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு கீர்த்தி மண்டபம் ஏற்படுத்தியபோது, முதல் வரிசையிலேயே அவரைச் சேர்த்தார்கள். அப்பொழுது அவருக்கு வயது 69. ஆஸ்ட்ரோஸ் கோஷ்டியில் ஒரே வருஷத்தில் 313 பேரை வெளியேற்றியவர் அன்றுவரை அவர் ஒருவரே. ஒன்பது வருஷங்கள் அங்கே ஆடிய நோலன் ரையனும் அந்தக் கணக்கை நெருங்கவில்லை. அடுத்த செப்டம்பரில் கெரிட் கோல் என்ற இளைஞர் அதைத் தாண்டி, வருஷ முடிவில் 326 வரை போனார். நாற்பது வருஷம் நின்ற கணக்கு விழுந்ததென்று பத்திரிகைகள் எழுதின. அதை முன்னிட்டுப் பல பத்திரிகைகளில், நெடுங்காலத்துக்குப் பிறகு, ரிச்சர்டின் படம் வந்தது. வலது கை பின்னே சாய்ந்து, பந்தை விடுவதற்குச் சற்று முன்பிருந்த படம்.